வளவில் முதற் பாத்தி: வீட்டுத்தோட்டமும் பெண்களும்

மீளக்குடியமரும் குடும்பங்களுக்கு வழங்கப்படும் பொருட்களில் மண்வெட்டி, கத்தி, கோடரி, அலவாங்கு, வாளி ஆகியவற்றோடு சில வேளைகளில் ஒரு சிறிய விதைப் பொதியும் இருக்கும். தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கொடுக்கும் கவனத்தை அந்தப் பொதிக்கு யாரும் கொடுப்பதில்லை. அது இயல்புதான். தலைக்கு மேலே கூரை இல்லாதபோது கத்தரி விதையைப் பற்றி யார் யோசிப்பார்கள்? ஆனால் உலருணவு நிவாரணம் ஒரு நாள் நிற்கும். வயல் விதைத்து நெல்லைக் காண ஒரு போகம் போக வேண்டும். கூலி வேலை எல்லா நாளும் கிடைப்பதில்லை. அரிசியும் மாவும் பருப்பும் மட்டுமே வேகும் சட்டிக்குள் பச்சையாக ஏதாவது விழுவதென்றால், அந்த இடைக்காலத்தில் அது வளவுக்குள் இருந்துதான் வர வேண்டும்.

வளவுக்குள் இருந்து வருவதென்றால் பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் கையால்தான் வரும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் குடியேற்றக் கிராமங்களில் வயற்காணி ஒரு புறமும் வீடு இருக்கும் மேட்டுக்காணி இன்னொரு புறமுமாக இருக்கும். வயல் ஆண்களின் பொறுப்பு என்பார்கள். மேட்டுக்காணியில் குசினிக்கும் கிணற்றுக்கும் இடைப்பட்ட துண்டு நிலம் யாருடைய பொறுப்பு என்று யாரும் சொல்வதில்லை. நாற்றுப் போடுவது, தண்ணீர் ஊற்றுவது, புழுப் பார்ப்பது, பிஞ்சைப் பறிக்காமல் விட்டு விதைக்கு முற்ற வைப்பது எல்லாம் அங்கே நடந்துகொண்டே இருக்கும். பதிவுப் படிவத்தோடு நாங்கள் வீடு வீடாகப் போகும்போது “தொழில்?” என்று கேட்டால் அதே பெண், “நான் சும்மா வீட்டிலதான் பிள்ளை” என்பார். அவர் இடுப்பில் அப்போதும் ஒரு வாளி இருக்கும்.

இந்தக் கட்டுரை அந்தத் துண்டு நிலத்தைப் பற்றியது. பெண்களுக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. வீட்டில் உள்ள மற்றவர்களும் வாசிக்க வேண்டும். ஏன் என்பது கீழே வரும்.

மண்ணைக் கொத்த முன்னர்

பல வருடம் ஆளில்லாமல் கிடந்த வளவு பற்றை மண்டிக் கிடக்கும். அதை வெட்டிக் குவித்து நெருப்பு வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வேலை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மிதிவெடி அகற்றப்பட்டு மீள்குடியேற்றத்துக்கு விடப்பட்ட இடங்களிலும் வெடிக்காத எறிகணைகள், கைக்குண்டுகள் மண்ணுக்குள்ளோ குப்பைக்குள்ளோ இருந்துவிடலாம். அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாத குவியலுக்கு மேல் மூட்டும் நெருப்பும், குப்பை புதைக்க வெட்டும் கிடங்கும் ஆபத்தானவை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையையும் எல்லை காட்டும் தடிகளையும் நாடாக்களையும் பிடுங்க வேண்டாம். வேலிக்குத் தடி போதாவிட்டாலும் அவற்றைப் பிடுங்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ மிதிவெடி அகற்றும் பணியாளருக்கோ சொல்லுங்கள். விறகு பொறுக்கவும் இரும்பு பொறுக்கவும் வளவின் பின்பக்கம் போகிற பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அதனால்தான் முதற் பாத்தியை வீட்டுக்குக் கிட்டவே போடச் சொல்கிறோம். கொட்டில் போட்டு, நடந்து, பழகிய நிலம் அது. வளவின் மற்றப் பக்கங்கள் பொறுத்திருக்கட்டும்.

கிணற்றைப் பற்றியும் ஒரு சொல். நீண்ட நாள் பாவிக்காத கிணற்றுக்குள் யாரையும் இறக்க வேண்டாம். உள்ளே என்ன போடப்பட்டிருக்கிறது என்பது ஒரு பயம். ஆழத்தில் மூச்சுக்குக் காற்று இல்லாமல் போவது இன்னொரு பயம். இறைத்துத் துப்புரவு செய்து குளோரின் இடும் வேலையைப் பிரதேச சபை ஊடாகவோ உங்கள் பகுதியில் பணிபுரியும் நிறுவனங்கள் ஊடாகவோ கேட்டுப் பெறுங்கள்.

எவ்வளவு பெரிதாக?

வந்த உற்சாகத்தில் கால் ஏக்கரையும் கொத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அது பச்சையாக நிற்கும். தை மாதம் கழிய வாடத் தொடங்கும். கோடையில் மரக்கறிப் பாத்திக்கு ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் தண்ணீர் வேண்டும். பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட இரண்டு பாத்திகளுக்கு 10 லீற்றர் வாளியால் மூன்று நாலு வாளி போதும். கால் ஏக்கருக்கு? ஏறத்தாழ 500 வாளி. நீரிறைக்கும் இயந்திரம் இல்லாத வீட்டில் அந்த 500 வாளியையும் யார் அள்ளுவது என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுங்கள்.

ஆகவே இரண்டு பாத்தியோடு தொடங்கலாம். அகலம் மூன்றடிக்கு மேல் போகாமல் இருந்தால் இரு பக்கமும் நின்று கையெட்டும் தூரத்தில் களை பிடுங்கலாம். பாத்தியை மிதிக்க வேண்டியதில்லை. மாரியில் பாத்தியை உயர்த்திப் போடுங்கள், வெள்ளம் வடியும். கோடையில் அதையே தாழ்த்திப் போட்டால் ஊற்றிய தண்ணீர் ஓடாமல் நிற்கும். மண்ணுக்கடியில் பொச்சுமட்டையைப் புதைத்தும், மேலே வைக்கோல் அல்லது சருகு பரப்பியும் வைத்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினாலும் தாங்கும். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரை ஒரு வாய்க்கால் வெட்டி வாழைக்கு விடலாம். வல்லாரை போலப் பச்சையாகச் சம்பல் போட்டுச் சாப்பிடுபவற்றுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம்.

விதை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இடப்பெயர்வில் மக்கள் இழந்தவற்றின் பட்டியல்களை நாங்கள் நிறைய எழுதியிருக்கிறோம். வீடு, மாடு, சைக்கிள், உழவு இயந்திரம், நகை என்று அவை நீளும். விதை என்று எழுதிய பட்டியலை நான் கண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு இடப்பெயர்விலும் குசினிக்குள் தொங்கிய போத்தல்களும் சுரைக்குடுவைகளும் விட்டுப் போகப்பட்டன. அந்த விதைகள் ஒரு பெண் தன் தாயிடமிருந்தோ மாமியிடமிருந்தோ வாங்கி, வருடா வருடம் தெரிந்தெடுத்து வைத்தவை. அந்த மண்ணுக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரின் சவர்த்தன்மைக்கும் பழகியவை.

இரணைமடுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா நாங்கள் கொடுத்த பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: “இது நல்லாக் காய்க்கும் பிள்ளை, ஆனால் இதில விதை எடுத்தால் அடுத்தமுறை தாயைப் போல வராது. நாட்டுக் கத்தரி விதை இல்லையே?” அவர் சொன்னது முழுக்கச் சரி. பொதியில் கலப்பினம் என்று அச்சிட்டிருந்தால் அதிலிருந்து எடுக்கும் விதை ஒரே சீராக முளைத்துக் காய்க்காது. ஒவ்வொரு போகமும் கடையில் வாங்க வேண்டிவரும். கலப்பின விதையைப் போட வேண்டாம் என்பதல்ல. முதற் போகத்துக்கு அது உதவும். ஆனால் ஒரு பாத்தியிலாவது நாட்டு வகை ஒன்றைப் போட்டு விதைக்கு விட்டுவிடுங்கள். யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தால் கிடைக்கும். இடம்பெயராத ஊர்களில் உள்ள உறவினர்களிடம் கேளுங்கள். ஒரு கடிதவுறைக்குள் ஒரு பிடி விதை வந்துவிடும்.

விதை எடுக்கும் முறை மூத்த பெண்களுக்குத் தெரியும். முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாமல் போயிருக்கலாம் என்பதற்காக இங்கே எழுதுகிறோம். நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியைத் தெரிந்து ஒரு துணித்துண்டைக் கட்டி அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது பறித்துக் கறியாக்கிவிடுவார்கள். வெண்டியையும் பயிற்றையையும் செடியிலேயே காயவிட வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுத்தபின் வெட்டி, விதையைத் தண்ணீரில் கழுவி, மிதப்பதை ஊற்றிவிட்டு அடியில் தங்குவதை எடுங்கள். நிழலில் உலர்த்தி, சாம்பலில் பிரட்டி, ஈரமில்லாத போத்தலில் இட்டு மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பூசணி, சுரை விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் ஒட்டி வைப்பது பழைய வழக்கம்; வண்டு அண்டாது. போத்தலில் விதையின் பெயரையும் எடுத்த மாதத்தையும் ஒரு துண்டில் எழுதி ஒட்டுங்கள். விதை எடுப்பவர் அம்மாவாக இருந்தால் எழுதுவது பிள்ளையின் வேலையாக இருக்கட்டும்.

எதை, எப்போது

எங்களுடைய பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் விதைப் பொதிகள் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பங்குனி பிறந்திருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் வசதி உள்ள சிலர் போட்டார்கள். மற்றவர்கள் பொதியைக் கூரைக்குள் செருகி வைத்துவிட்டு ஐப்பசி வரை காத்திருந்தார்கள். அறிக்கையில் “பயனாளிகள் விதையைப் பயன்படுத்தவில்லை” என்று எழுதப்பட்டது. காத்திருந்தவர்கள்தான் சரியாகச் செய்தவர்கள்.

வடக்கில் பெருமழை வாடைக் காற்றோடு ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. புரட்டாதியில் மண்ணைப் பண்படுத்தி, எருவிட்டு, கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுப் போட வேண்டும். நாற்றுமேடைக்கு மேலே கிடுகுப் பந்தல் ஒன்று இருந்தால் அடைமழை நாற்றைச் சிதைக்காது. வைகாசி தொடக்கம் வீசும் சோளகம் ஈரத்தை உறிஞ்சி வாழையையும் முறிக்கும். காற்று வரும் பக்கத்தில் வேலியை அடர்த்தியாக வைத்திருக்க வேண்டும்.

கீரை விதைத்து 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். வெண்டியும் பயிற்றையும் ஏறத்தாழ 50 நாளில் காய்க்கத் தொடங்கும். கத்தரி நாற்றுமேடையில் ஒரு மாதம், நட்டபின் இரண்டு இரண்டரை மாதம் கேட்கும். மரவள்ளிக்கு எட்டு முதல் பத்து மாதம். பப்பாசிக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். வாழைக்குட்டி குலை தள்ளி வெட்ட ஒரு வருடம் ஆகும். கைப்பருமனான முருங்கைத் தடி ஒன்றை மழை தொடங்கும்போது ஊன்றினால் சில மாதங்களில் இலை பறிக்கலாம். காய்க்குப் பொறுத்திருக்க வேண்டும். எனவே விரைவாகத் தருபவற்றையும் ஆறுதலாகத் தருபவற்றையும் ஒரே கிழமையில் நட வேண்டும். கீரை முடியும் நேரத்தில் வெண்டி வரும், வெண்டி ஓயும் நேரத்தில் கத்தரி வரும்.

விதைக்காமலே வருபவையும் உண்டு. பற்றைக்குள் சாரணை, வேலியில் முசுட்டை, ஈரமான இடத்தில் பொன்னாங்காணி. தொண்ணூறுகளில் உரமும் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அரிதாக இருந்த காலத்தில் பல வீடுகளில் கறி என்பது இவைதான். பூச்சிக்கு அடுப்புச் சாம்பலும் வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரும் போதுமாக இருந்தன. அந்தக் காலத்தை மீண்டும் யாரும் விரும்பப் போவதில்லை. அந்த அறிவு மட்டும் வீட்டில் இருக்கட்டும்.

வேலியும் வாளியும்

கட்டாக்காலி மாடுகளும் ஆடுகளும் ஒரே இரவில் மூன்று மாத வேலையை முடித்துவிடும். எனவே வேலி முதலில், விதை பிறகு. முள்ளுக்கம்பி கிடைக்காவிட்டால் கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைத் தடிகளை நெருக்கமாக ஊன்றி, இடையில் கருக்குமட்டையோ பனையோலையோ வரியலாம். சீமைக்கிளுவை இலை பாத்திக்குப் பசளையாகவும் ஆகும்.

வேலி அடைப்பது ஆண்களின் வேலை என்று ஊரில் எண்ணுகிறார்கள். ஆண்கள் இல்லாத வீட்டில் என்ன செய்வது? பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பல உள்ள ஒரு கிராமத்தில் ஐந்து பெண்கள் முறை வைத்து ஒருவர் வளவில் ஒரு நாள் என்று வேலி அடைத்ததைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் ஐந்து வளவும் அடைபட்டிருந்தன. ஆளுக்கு இரண்டு வாழைக்குட்டியும் கைமாறியிருந்தது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இதைப் பேசி ஒழுங்கு செய்யலாம்.

ஆண்கள் இருக்கிற வீட்டுக்கு ஒரு கேள்வி. வீட்டுத்தோட்டம் நல்லது என்று எல்லா நிறுவனங்களும் சொல்கின்றன, நாங்களும்தான். ஆனால் அந்தத் தோட்டம் ஏற்கெனவே விறகு, தண்ணீர், சமையல், பிள்ளைகள், கிளினிக், கூட்டங்கள் என்று ஓடுகிற ஒரே ஆளின் தலையில் விழுந்தால் இரண்டாம் மாதத்தில் அது காய்ந்துபோகும், அல்லது அவர் காய்ந்துபோவார். மாலை வாளிகளை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நடுவது, எதை விதைக்கு விடுவது, எதை விற்பது என்ற முடிவு நாள்தோறும் பாத்தியில் குனிகிறவரிடமே இருக்கட்டும்.

பயிற்சிகளிலும் இதே சிக்கல் உண்டு. குடும்பத் தலைவர் பெயரில் அழைப்புப் போவதால் கதிரைகளில் பெரும்பாலும் ஆண்கள் இருப்பார்கள். நாற்று நடும் இடைவெளி பற்றிப் போதனாசிரியர் சொன்னது மாலையில் அரைகுறையாக வீட்டுக்கு வந்து சேரும். பெயர் பதியும்போது தோட்டம் செய்பவரின் பெயரைப் பதியுங்கள். கூட்ட நேரம் சமையல் வேளையிலோ பிள்ளைகள் பாடசாலையால் வரும் வேளையிலோ விழுந்தால் மாற்றச் சொல்லுங்கள். கேட்டால் மாற்றுவார்கள்.

தோட்டத்துக்கென்று கடன் எடுப்பது பற்றி என் கருத்து: வேண்டாம். இரண்டு பாத்தியில் மிஞ்சும் மரக்கறி கிழமைக்குக் கிழமை தவணை கட்டுமளவுக்குப் பணம் தராது. மிஞ்சுவதை அயலில் கொடுங்கள், அல்லது சந்தியில் உள்ள கடைக்குக் கொடுத்துச் சீனி, தேயிலை வாங்குங்கள். அது ஒரு சிறு தொகைதான். அந்தத் தொகை வளர்த்தவரின் கையில் இருப்பது நியாயம்.

சட்டிக்குள் போகும்போது

முருங்கையிலையிலும் கடும்பச்சைக் கீரைகளிலும் இரும்புச் சத்தும் விற்றமின் ஏயும் உள்ளன. குருதிச்சோகை உள்ள பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவை தேவை. கீரைக்குத் தேங்காய்ப்பால் விடுவதும் இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுவதும் ருசிக்கு மட்டுமல்ல: கொழுப்புச் சேர்ந்தால் விற்றமின் ஏ உடலில் சேரும், புளி சேர்ந்தால் இரும்பு சேரும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் இரும்பு சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையையும் திரிபோஷாவையும் தோட்டம் இருக்கிறதென்று நிறுத்த வேண்டாம். இன்னொன்று, பலருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுபவருக்குச் சட்டியில் கீரை மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

தென்னம்பிள்ளையும் காணியும்

கண்டாவளைப் பக்கத்தில் ஒரு வளவு. பாத்திகள் துப்புரவாக, கத்தரி, மிளகாய், பசளி எல்லாம் செழிப்பாக இருந்தன. எரிந்த தென்னைகளின் அடிக்கட்டைகள் இடையிடையே நின்றன. கமநல சேவை நிலையத்தில் தென்னம்பிள்ளை கொடுத்தார்களே, எடுக்கவில்லையா என்று கேட்டேன். முப்பத்தைந்து வயதிருக்கும் அந்தப் பெண் சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, “பேர்மிற் அவற்ர பேரில, அக்கா. அவர் இல்லை. நான் தென்னை வைச்சு அது காய்க்க முதல் எழும்பு எண்டு சொன்னால்?” என்றார். தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். கீரைக்கு இருபத்தைந்து நாள்தான். இந்த நிலத்தில் எத்தனை நாள் இருக்க விடுவார்கள் என்று அவர் போட்ட கணக்கு அந்த வளவில் எழுதியிருந்தது.

அவரைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியில், பத்திரம் பெற்றவர் இறந்தால், பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்படாதிருந்தாலும் அவருடைய வாழ்க்கைத்துணை அந்தக் காணியைத் தொடர்ந்து வைத்திருக்க உரிமை உடையவர். அதை விற்கவோ வேறொருவர் பெயருக்கு மாற்றவோ முடியாது. இருந்து பயிர் செய்யலாம், மரமும் வைக்கலாம். இந்த உரிமையைப் பதிவில் ஏற்றுவது முக்கியம். பத்திரம் தொலைந்திருந்தாலும் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் அதன் பதிவேடு இருக்கக்கூடும். பழைய கடிதம், பங்கீட்டு அட்டை, கமநல வரிப் பற்றுச்சீட்டு எது மிஞ்சியிருந்தாலும் கொண்டு போங்கள். கணவர் இறந்ததற்கோ காணாமற்போனதற்கோ பத்திரம் இல்லாதவர்கள் அதை ஒரு காரணமாக வைத்துப் போகாமல் இருக்க வேண்டாம். காணி உத்தியோகத்தரைக் கண்டு, எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, கொடுத்ததற்குப் பிரதி ஒன்றில் கையொப்பமும் திகதியும் வாங்கி வையுங்கள். உறுதிக் காணி என்றால் நடைமுறை வேறு. இலவச சட்ட உதவி வழங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்கலாம்.

கணவன் மனைவி இருவரும் இருக்கும் வீடுகளில் அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயர் யாருடையது என்று இப்போதே பார்த்துவிடுங்கள். வெறுமையாக இருந்தால் எழுதுவியுங்கள்.

தோட்டத்தில் நோய், பூச்சி, விதை, கன்று பற்றிய எந்தக் கேள்விக்கும் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம். அவர் எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். நோய் பிடித்த செடியை வாயால் விளக்குவது கடினம். வேரோடு ஒன்றைப் பிடுங்கிப் பொலித்தீன் பையில் போட்டு, அன்றே கையோடு கொண்டு போங்கள்.